பெயருக்குப் பின்னால் ஒரு நாற்காலி

வாசகர் அட்டைக்கான படிவத்தில் பெயருக்கு இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று ‘நோம்’, அதாவது குடும்பப் பெயர். மற்றது ‘பிரேநோம்’, பெற்றோர் இட்ட பெயர். என்னிடம் இருந்ததோ ஒரு பெயரும், அதற்கு முன்னால் ஓர் எழுத்தும். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்மணி அந்த எழுத்தைப் பேனா முனையால் தொட்டு, இது என்ன என்று கேட்டார். அப்பா பெயரின் முதலெழுத்து என்றேன். அப்படியானால் அதுதான் உங்கள் குடும்பப் பெயர் என்று அவரே தீர்மானித்து, அப்பாவின் முழுப்பெயரையும் கேட்டு முதல் கட்டத்தில் எழுதிவிட்டார். அடுத்த பத்து நாளும் அந்த நூலகத்தில் என்னை அப்பாவின் பெயர் சொல்லியே கூப்பிட்டார்கள். முதல் இரண்டு நாள், ஊரிலிருந்து அவர்தான் வந்து நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன்.

நான் அங்கே தேடிப் போயிருந்ததும் ஒரு பெயரைத்தான். பிரெஞ்சு இந்தியாவின் பத்தொன்பதாம் நூற்றாண்டு அரசியலைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது ‘பொன்னுத்தம்பி லபோர்த்’ என்ற பெயர் கண்ணில் பட்டது. முன்பாதி நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. பின்பாதி பாரிஸில் குடை பிடித்து நடக்கிறது. இந்த இரண்டையும் ஒட்டவைத்தது யார்?

துப்பறிகிறவர் முதலில் செய்யவேண்டியது, எது காரணமாக இருக்க முடியாது என்று கழிப்பது. என் முதல் ஊகம், இவர் சட்டைக்காரர் வம்சம் என்பது. ஐரோப்பிய இரத்தம் கலந்த குடும்பங்கள் புதுச்சேரியில் தலைமுறை தலைமுறையாக உண்டு. ஆனால் அவர்கள் பிள்ளைகளுக்குப் புனிதர்களின் பெயரைத்தான் வைப்பார்கள். பொன்னுத்தம்பி என்று யாரும் வைத்ததாகத் தெரியவில்லை. இரண்டாவது ஊகம் ஞானஸ்நானம். அதுவும் நிற்கவில்லை. ஞானஸ்நானம் மாற்றுவது முன்பெயரை. பழைய பெயர் பவுல் ஆகலாம், அந்தோணி ஆகலாம். இங்கேயோ முன்பெயர் அப்படியே இருக்கிறது, வாலில்தான் புதுப்பெயர். கோயிலும் மாதா கோயிலும் கொடுக்காத அந்த வாலை ஏதோ ஓர் அலுவலகம்தான் கொடுத்திருக்க வேண்டும்.

முதல் தடயம் ஒரு ஜோடிச் சப்பாத்து. பொன்னுத்தம்பி பிள்ளை புதுச்சேரியில் வழக்காடிய தமிழர். நம்மவர்கள் நீதிமன்றத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பதே அன்று மரியாதை. 1873இல் அவர் சப்பாத்தும் காலுறையுமாக உள்ளே போனார். நீதிபதி தண்டித்தார். மேல்முறையீடு கடல் தாண்டிப் பாரிஸின் உச்ச நீதிமன்றம்வரை போய், அவர் பக்கம் தீர்ப்பானது. இந்த வழக்கைப் பற்றிய குறிப்புகளில் அவர் வெறும் பொன்னுத்தம்பி, அல்லது பொன்னுத்தம்பி பிள்ளை. லபோர்த் எங்கும் இல்லை. ஆகவே, பெயர் வந்தது சப்பாத்துக்குப் பிறகு.

இரண்டாவது தடயம் 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணை. இதன் எடையை உணர, அதற்கு முன்பு என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். 1819 ஜனவரி 6ஆம் நாள் விதிமுறைப்படி, பிரெஞ்சு இந்தியாவில் இந்தியர் ஒவ்வொருவரும் அவரவர் சாதியின் சட்டத்துக்கும் வழக்கத்துக்கும் உட்பட்டவர். திருமணம், தத்து, பாகப்பிரிவினை எல்லாம் அதன்படியே. பிரான்சின் சட்டநூல் பக்கத்துத் தெருவில் குடியிருந்த வெள்ளைக்காரருக்கு. 1881ஆம் ஆண்டு ஆணை அந்தச் சுவரில் ஒரு வழி விட்டது. இருபத்தொரு வயது நிரம்பிய ஆணோ பெண்ணோ, எந்தச் சாதியானாலும், எந்த மதமானாலும், தன் சொந்தச் சட்டத்தைத் துறப்பதாக அறிவிக்கலாம். அறிவித்த நாள் முதல் அவருக்குப் பிரெஞ்சு உரிமையியல் சட்டம். ஒருமுறை துறந்தால் துறந்ததுதான், திரும்பி வர முடியாது. அரசிதழில் பெயர் அச்சாகும். அதோடு இன்னொன்று: தனக்கும் தன் சந்ததிக்கும் என்ன குடும்பப் பெயர் என்பதை அந்தப் பத்திரத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

நான் தேடிய அலுவலகம் இதுதான். துறந்தவரைப் பிரெஞ்சில் ‘ரெனோன்சான்’ என்றார்கள். நம் ஊரிலும் துறப்பவர் பெயர் மாற்றிக்கொள்வது உண்டு. ஆனால் நம் துறவி, குடும்பத்தை விடுவதற்காகப் பழைய பெயரை விடுகிறார். ரெனோன்சானுக்கோ துறந்த அன்றுதான் குடும்பப் பெயரே கிடைத்தது.

பெயரோடு சொத்தும் போனது என்பதைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான். பிரெஞ்சுச் சட்டத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. அன்றைய இந்து வழக்கத்தில் மகன் இருக்க மகளுக்குப் பாகம் கிடையாது. ஆக, அந்தப் பத்திரத்தில் கையெழுத்திட்டவர் பெண்ணுக்கும் பங்கு எழுதிவைத்தார் என்றே பொருள். துறந்தவர்களில் கிறித்தவர்களும், சாதி அடுக்கில் கீழே தள்ளப்பட்டவர்களும் அதிகம் இருந்ததற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. சாதிச் சட்டத்தால் இழந்தவருக்கு அதைத் துறப்பதில் இழப்பில்லை. பொன்னுத்தம்பியைப் போன்ற வேளாளர் முன்னின்று துறந்ததுதான் ஊரை உலுக்கியது.

இந்தத் துறவை எதிர்த்த அணியின் தலைவரைத் தேடியபோதுதான் நான் சறுக்கினேன். நாடு சண்முகம் என்று நாம் அறியும் சண்முக வேலாயுத முதலியார், சாதி இந்துக்களின் தலைவர். 1880களிலும் 1890களிலும் புதுச்சேரித் தேர்தல்களைத் தன் விரலில் ஆட்டியவர். அகரவரிசைச் சுட்டியில் இங்கிலீஷ் பழக்கத்தில் ‘எஸ்’ எழுத்தின் கீழ் தேடினேன். ஒரு முழு மதியம் போயிற்று. அவர் இருந்தது ‘சி’ எழுத்தின் கீழ். பிரெஞ்சுக்காரர் ‘ஷ’ ஓசைக்கு ‘சி, ஹெச்’ என்று இரண்டெழுத்துப் போடுவார்கள். ‘உ’வுக்கு ‘ஓ, யு’. அதனால் முத்துவும் சுப்பிரமணியனும் குப்புசாமியும் நமக்குப் பழக்கமில்லாத நீளத்தில் அங்கே படுத்திருக்கிறார்கள். பொருளைத் தேடும் முன் காதைப் பழக்க வேண்டும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

காது பழகியபின் ஒரு புதையலும் கிடைத்தது. பிரெஞ்சு ஆவணங்களில் ‘பிள்ளை’ பெரும்பாலும் ‘புல்லே’. டைரி எழுதிய ஆனந்தரங்கரும் அங்கே ‘ரங்கப்புல்லே’தான். நெடுநாள் இதை எழுத்துப்பிழை என்றே நினைத்திருந்தேன். பிறகு வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நாம் எழுதும்போதுதானே ‘பிள்ளை’? பேசும்போது ‘புள்ள’ அல்லவா? சென்னை எழுத்தர் ஏட்டில் இருந்ததைப் பார்த்து இங்கிலீஷில் எழுதினார். புதுச்சேரி எழுத்தர் காதில் விழுந்ததை எழுதிவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. ரெயூனியன் தீவில் ‘விராப்புல்லே’ என்ற குடும்பப் பெயர் இன்றும் இருக்கிறது. ழான் போல் விராப்புல்லே அத்தீவின் பெயர்பெற்ற அரசியல்வாதி. வீரப்பிள்ளையை ஊரில் எப்படிக் கூப்பிட்டார்களோ, அந்த ஒலி நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பிரெஞ்சுப் பெயருக்குள் பத்திரமாக இருக்கிறது. தமிழ் பேசத் தெரியாத நாக்குகளும் அதை நம் பேச்சுத்தமிழிலேயே உச்சரிக்கின்றன.

ரெயூனியன் என்னைக் கடல் பக்கம் இழுத்தது. குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்ப நேர்ந்த தமிழர்கள் புதுச்சேரியில் மட்டுமா இருந்தார்கள்?

கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களையும் அந்தக் கட்டம் பிடித்தது. ஆனால் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கரீபியக் கடலின் குவாதலூப் தீவில் அன்ரி சிதம்பரோம் என்று ஒருவர் இருந்தார். 1863இல் அங்கேயே பிறந்தவர். சிதம்பரம் என்ற ஊர்ப்பெயர், ஆட்பெயராகிக் கப்பலேறி, அங்கே குடும்பப் பெயராகிவிட்டது. பதிவேட்டில் ஒருவர் பெயர் கட்டத்துக்குள் விழுந்த அன்றே உறைந்துபோகிறது. அதற்குப் பிறகு பேரன், பேத்தி எல்லாரும் சிதம்பரோம்தான். அத்தீவின் இந்திய வம்சத்தாருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையும் வாக்கும் வேண்டும் என்று அவர் 1904இல் தொடங்கிய சட்டப்போர் 1923இல்தான் முடிந்தது. புதுச்சேரியில் ஒரு கையெழுத்தாலும் ஒரு புதுப்பெயராலும் கிடைத்ததற்கு, அங்கே கிட்டத்தட்ட இருபது ஆண்டு வழக்கு.

தென்னாப்பிரிக்கா இன்னொரு கதை. 1860 நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து ‘டிரூரோ’ கப்பல் 342 பேருடன் டர்பன் துறைக்கு வந்தது. 1911வரை அப்படி நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். கப்பல் பட்டியல்களில் பெயர், வயது, தகப்பன் பெயர், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் இருக்கும் மச்சம் தழும்பு என்று பத்திபத்தியாக எழுதியிருக்கிறார்கள். குடும்பப் பெயருக்கு மட்டும் பத்தி இல்லை. அது பின்னால் வந்து சேர்ந்தது. பிறப்புப் பதிவு, பள்ளிக்கூடம், கல்யாணப் பதிவு என்று ஒவ்வொரு மேசையும் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டபோது, நம்மவர்கள் கைக்கு எட்டிய ஒன்றைக் கொடுத்தார்கள். சிலர் தகப்பன் பெயரைக் கொடுத்தார்கள். அதனால்தான் அங்கே பெருமாள்களும் முனுசாமிகளும் குடும்பப் பெயர்களாக இருக்கிறார்கள். இன்னும் பலர் சாதிப் பட்டத்தைக் கொடுத்தார்கள். பிள்ளை, நாயுடு, செட்டி, படையாச்சி, நாயக்கர் எல்லாம் குடும்பப் பெயர் ஆயின. முதலி ‘மூட்லி’ ஆனது. கவுண்டர் ‘கவெண்டர்’ ஆனது. ஊர்க்கண் பார்க்காத தேசத்தில், பட்டியலின் சாதிப் பத்தியில் இருந்தது ஒன்று, பெயருக்குப் பின்னால் சேர்த்துக்கொண்டது வேறொன்று என்று ஆனதும் உண்டு. இங்கே உயிரைக் கொடுத்தாலும் கிடைக்காத பட்டம், அங்கே ஒரு படிவத்தில் கிடைத்தது.

இதனால்தான் டர்பனிலிருந்து யாராவது, எங்கள் பெயர் கவெண்டர், நாங்கள் கொங்கு நாட்டுக் கவுண்டரா என்று கேட்டால் நான் உடனே தலையாட்டுவதில்லை. பட்டம் ஒரு தடயம்தான், சாட்சி அல்ல. கப்பல் எண்ணைக் கண்டுபிடித்து, கிராமப் பத்தியைப் பார்த்தபிறகே பேச வேண்டும். அந்தப் பட்டம் வட ஆர்க்காட்டிலும் சேலத்திலும் வேறு சமூகங்களுக்கும் உண்டு.

அதே தென்னாப்பிரிக்காவில் வெள்ளைக்காரர்கள் இந்தியர் எல்லாரையும் ‘சாமி’ என்று ஏளனமாக அழைத்தார்கள். ராமசாமி, முனுசாமி, கோவிந்தசாமி என்று வரிசையாக வந்த பெயர்களின் வாலை வெட்டிச் செய்த பட்டப்பெயர் அது. காந்தி தன் சுயசரிதையில் இதை எழுதியிருக்கிறார். சாமி என்றால் எஜமான் என்று அர்த்தம், நான் உனக்கு எஜமானா என்று சூடு திருப்பிக் கொடுத்தவர்களும் இருந்தார்களாம்.

இத்தனையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் லபோர்த் என்ற புதிரின் வடிவம் எனக்குப் பிடிபட்டது. தமிழ்ப் பெயரில் ஆளை அடையாளம் சொல்லும் எல்லாமே முன்னால் வரும். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். ஊர் முதலில், தகப்பன் அடுத்து, கடைசியில்தான் ஆள். நம் முதலெழுத்து இந்த வரிசையின் சுருக்கம். புதுச்சேரியில் 1891இல் பிறந்த பாரதிதாசனின் இயற்பெயரையே பாருங்கள். தந்தை கனகசபை, மகன் சுப்புரத்தினம். தந்தை பெயரின் தலைப்பகுதி முன்னால் வந்து ஒட்டிக் கனகசுப்புரத்தினம் ஆயிற்று. பெயருக்குப் பின்னால் நம் வழக்கில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்திருந்தது சாதி.

ஐரோப்பியப் படிவம் குடும்பப் பெயரைக் கேட்டபோது, அது கேட்டது அந்த நாற்காலியை. டர்பனில் சாதிப் பட்டம் எழுந்திருக்காமல், தானே குடும்பப் பெயர் என்று சொல்லி அங்கேயே உட்கார்ந்துகொண்டது. அந்த ஊரிலிருந்து வந்து உலகம் அறிந்த மனித உரிமை வழக்கறிஞரான நவநீதம் பிள்ளையை ஐ.நா. அவைகளில் ‘பிள்ளை’ என்றே அழைத்தார்கள். கேட்டவர்களில் பலருக்கு அது ஒரு காலத்தில் பட்டமாக இருந்தது தெரிந்திருக்காது. புதுச்சேரியில் நேர்மாறு. பொன்னுத்தம்பி பிள்ளை, பொன்னுத்தம்பி லபோர்த் ஆனபோது புதுப்பெயர் வந்து உட்கார்ந்தது, அச்சு அசலாகப் ‘பிள்ளை’ எழுந்து போன இடத்தில். பெயரை மாற்றினார் என்று நான் இத்தனை நாள் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பெயரை அவர் தொடவே இல்லை. நாற்காலியில் இருந்தவரை எழுப்பினார், அவ்வளவுதான்.

தமிழ்நாடு மூன்றாவது வழியில் போனது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களை விட்டுவிடச் சொன்னது. அந்த ஆண்டுகளிலேயே பெரியார் பெயரின் ‘நாயக்கர்’ கழன்றது. அடுத்த தலைமுறைகளில் வீட்டுக்கு வீடு வால் உதிர்ந்தது. நாற்காலியில் வேறு யாரையும் உட்கார வைக்காமல் காலியாகவே விட்டோம். அப்படி விட்டதால்தான் என் தலைமுறைக்காரர்கள் விமான டிக்கெட்டில் ஒரே பெயரை இரண்டு முறை அச்சடித்து வைத்துக்கொண்டு விழிக்கிறோம்.

சாதியை எழுப்பிவிட்டால் வந்து உட்காருகிறவர் சும்மா இருப்பாரா? 1884இல் பிரெஞ்சு இந்தியாவின் தேர்தலுக்கு மூன்று வாக்காளர் பட்டியல்கள் போட்டார்கள். ஐரோப்பியருக்கு ஒன்று, துறந்தவருக்கு ஒன்று, துறக்காதவருக்கு ஒன்று. சட்டத்தின் முன் ஒன்றாகலாம் என்று பெயரெடுத்தவர்களைத் தனிப் பட்டியலில் அடைத்தாயிற்று. 1899இல் அந்த ஏற்பாட்டைக் கலைத்தார்கள். அதற்குள் குடும்பப் பெயரே ஓர் அடையாளமாகிவிட்டது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சைகோனில் வேலைக்குப் போன ரெனோன்சான்கள் அந்தப் பெயரோடு வாக்குச்சீட்டும் வாங்கினார்கள். பட்டாளத்துக்குப் போனவர்கள் உதவிச்சம்பளம் வாங்கினார்கள். பெயரைக் கேட்டே வீட்டுக்கதை தெரிந்துவிடும் என்ற நிலை பழைய பட்டத்துக்கு இருந்தது, புதுப்பெயருக்கும் வந்தது.

பெயர் ஏன் லபோர்த் என்பது மட்டும் மீதி இருந்தது. துறவுப் பத்திரம் கேட்டது என்ன பெயர் என்பதைத்தான். ஏன் என்பதற்கு அதில் இடமில்லை. எனவே காகிதத்தை மூடிவைத்துவிட்டுப் புதுச்சேரிக்குப் போனேன்.

சாயங்காலம், மரத்தடியில் சிலர் இரும்புக் குண்டு உருட்டிப் பெத்தாங் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த முதியவர் பழைய சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். அவருடைய கொள்ளுத்தாத்தா, துறந்தபோது வேறு பெயர் தேடாமல் தன் பெயரையே ‘நோம்’ ஆக எழுதிவைத்தவர்.

“அவரோட தம்பி தொறக்கல தம்பி,” என்றார். “அதனால எங்களுக்கு ஒரு பேரு, அவங்களுக்கு ஒரு எழுத்து. கடுதாசிய வச்சுப் பாத்தா பங்காளின்னு யாரும் சொல்ல முடியாது. அறுவத்திரெண்டுல பிரெஞ்சுக்காரன் ஊர இந்தியாவுக்கு எழுதிக் குடுத்தப்ப, ஆறு மாசம் டைம் குடுத்தான், பிரான்சா இந்தியாவான்னு. அப்பவும் எங்க வீட்ல பாதி அங்க, பாதி இங்க.”

“லபோர்த் பத்திக் கேள்விப்பட்டிருக்கீங்களா ஐயா?”

“சப்பாத்து வக்கீல்தானே? போர்த்துன்னா கதவு. அவரு தொறந்தாரு, அதான் அந்தப் பேரு. எங்க அப்பா சொல்லுவாரு.”

நான் நோட்டில் எழுதப்போய் நிறுத்தினேன். அவர் சொன்னது திறந்தாரா, துறந்தாரா? ஏட்டில் இரண்டும் வேறு. வாயில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ‘புள்ள’யைக் காதில் வாங்கிய எழுத்தரின் இடத்தில் இப்போது நான் உட்கார்ந்திருந்தேன். ஐயா, கதவத் தொறந்தாரா, சாதியத் தொறந்தாரா என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“ஒண்ணத் தொறக்காம இன்னொண்ண எப்பிடித் தம்பி தொறக்கறது?” என்று சொல்லிவிட்டு, தன் முறை வந்துவிட்டதென்று குண்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

நான் கேட்டபடியே எழுதிக்கொண்டேன்.